ஏழு பூச்சு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் புள்ளி என்று பேர். வெப்பநிலை எதுவானாலும் தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் சொன்னால்தான் அவளுக்கு நிம்மதி. காப்பி ஆறிவிட்டதா என்று யாராவது கேட்டால்கூட, டம்ளருக்கு மேலே உள்ளங்கையைக் காட்டிவிட்டு, "அம்பத்திரண்டு புள்ளி... சரி, குடிங்க" என்பாள். பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

செயற்கைக்கோளில் ஏறப்போகும் வெப்பச் சென்சார்களைத் தரையிலேயே சரிபார்த்து அனுப்புவது அவள் வேலை. ஏரி, தார்ச்சாலை, தகரக் கூரை, மனிதரின் கை என்று எல்லாப் பொருளும் தன் சூட்டுக்குத் தக்கபடி கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த அகச்சிவப்பு ஒளியை எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பிடித்து, கீழே எத்தனை டிகிரி என்று சென்சார் சொல்லும். சரியாகத்தான் சொல்கிறதா என்று மேலே போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. அதனால் ஒரு லாரியே உள்ளே நிற்கக்கூடிய எஃகுத் தொட்டிக்குள் சென்சாரை வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சுற்றுச் சுவரைத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்து, எதிரே ஒரு கருந்தட்டைக் காட்டுவார்கள்.

கருந்தட்டு என்பது மேசையகல அலுமினியத் தட்டு. முன்பக்கம் வரிவரியாகப் பள்ளம் வெட்டி, மேலே பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கும். உலோகத்துக்குள் ஐந்து பிளாட்டின வெப்பமானிகள் புதைந்திருக்கும். தட்டு இருபத்தேழு டிகிரி என்று அவை சொன்னால் சென்சாரும் இருபத்தேழு என்று சொல்லியாக வேண்டும். அங்கே தட்டுதான் நீதிபதி. தட்டுக்குப் பொறுப்பு புள்ளி.

இந்தமுறை தொட்டிக்குள் இருந்த சென்சாரை வடிவமைத்தவள் சில்லு, புள்ளியின் நாத்தனார். சின்ன வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்து அதன் சில்லுகளைத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்ததால் அவள் அண்ணன் வைத்த பேர் அது. புள்ளி வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் கழித்து அவளும் அதே ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். "வீட்டு நாத்தனார் போதாதுன்னு ஆபீஸ்லயும் ஒண்ணா?" என்று கூடவேலை செய்தவர்கள் கேலி பண்ணினார்கள். ஆனால் இரண்டு பேருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு சில்லுவுக்கு அண்ணன் வீட்டில்தான். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் சுற்றுப்பாதை பற்றிப் பேச ஆரம்பித்தால், "மேல போற வேலை எல்லாம் நீங்க பாத்துக்கங்க. எனக்குப் பதினெட்டாவது மாடி போதும்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

சில்லு தன் சென்சாரில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தாள். சென்சாருக்குள்ளேயே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஆழமான கருங்குழி. சில விநாடிக்கு ஒருமுறை சென்சார் உள்ளே திரும்பி அந்தக் குழியைப் பார்த்து, தன் கணக்கைத் தானே சரிசெய்துகொள்ளும். முன்பு அனுப்பிய சென்சாரில் அது கிடையாது. தரையில் கருந்தட்டைப் பார்த்து எழுதிக்கொடுத்த எண்களை மட்டுமே நம்பி அது மேலே சுற்றிக்கொண்டிருந்தது. குழி வேண்டாத கனம் என்று பலர் சொன்னார்கள். சில்லு ஒரு வருஷம் வாதாடி அதை உள்ளே கொண்டுவந்தாள்.

முதல் சோதனையிலேயே சிக்கல் வந்தது. தட்டு இருபத்தேழு டிகிரி என்றது. குழியைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொண்ட சென்சார் இருபத்தாறரைக்குக் கொஞ்சம் மேலே என்றது. வித்தியாசம் புள்ளி நான்கு. வீட்டில் காய்ச்சல் பார்ப்பவருக்கு அது ஒன்றுமில்லை. வானிலிருந்து ஏரியின் சூட்டைப் பார்ப்பவருக்கு அது பெரிய ஓட்டை.

சில்லு லென்ஸைக் கழற்றினாள். ஜெர்மானியம் லென்ஸ் கண்ணுக்கு எஃகுபோல மூடிக்கிடக்கும், அகச்சிவப்புக்கு மட்டும் கண்ணாடிபோல வழிவிடும். அதை மூன்று தடவை கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினாள். ஒளியுணரும் சில்லை மாற்றினாள். குழியைப் புதிதாகக் கடைந்து வைத்தாள். ஒவ்வொரு தடவையும் தொட்டியை மூடி, காற்றை எடுத்து, குளிர வைத்து, பார்த்துவிட்டுத் திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு தடவையும் அதே புள்ளி நான்கு. பதினோரு வாரம் இப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வருவது நின்றது. "ஒரு வேளை சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டேங்கிறா" என்று அண்ணன் குறைப்பட்டுக்கொண்டார்.

கடைசிக் கூட்டத்தில் துறைத் தலைவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"குழிய எடுத்துடலாம். பழையபடி தட்ட மட்டும் நம்பி அனுப்பலாம். மேல இருக்கறது ரெண்டு வருஷமா அப்படித்தானே ஓடுது." பிறகு புள்ளியைப் பார்த்தார். "தட்டுல ஒரு சந்தேகமும் இல்லையே?"

"இல்ல சார். அஞ்சு தெர்மாமீட்டரும் ஒண்ணுக்கொண்ணு ஒரு டிகிரில நூத்துல ஒரு பங்குக்குள்ள ஒத்துப்போகுது. என் தட்டு பொய் சொல்லாது."

சில்லு தன் நோட்டுப்புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "குழிய எடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வாரம் குடுங்க சார்" என்றாள். தலைவர் தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து, ஒரு மதியம், தொட்டி திறந்திருந்தது. புள்ளி தட்டை வெளியே எடுத்து, வெள்ளை உடுப்பும் கையுறையுமாக, தூசியை ஊதிக்கொண்டிருந்தாள். கீழ் ஓரத்தில் கடுகளவு பெயிண்ட் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த துணுக்கு அடியில் விரித்த துணியில் கிடந்தது. வேறு யாராவது என்றால் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவள் அதை இடுக்கியால் எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள்.

துணுக்கின் விளிம்பில் கோடு கோடாகத் தெரிந்தது. எண்ணினாள். ஏழு. ஏழு பூச்சு. கனத்தை அளந்தாள். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெயிண்ட் வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெப்பமானிகள் இருப்பது உலோகத்துக்குள், பெயிண்டுக்குப் பின்னால். சென்சார் பார்ப்பதோ பெயிண்டின் வெளித்தோலை. காற்றில்லாத தொட்டியில், உறைந்த சுவருக்கு எதிரே, அந்தத் தோல் தன் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். பின்னாலிருந்து சூடு வந்து சேர ஏழு பூச்சைத் தாண்ட வேண்டும். மெல்லிய பூச்சென்றால் வித்தியாசம் தெரியவே தெரியாது. இவ்வளவு கனத்துக்கு? கையில் கிடைத்த ஒரு தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். நாலு வரிக் கணக்கு. விடை புள்ளி நான்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. தட்டின் தோல் உண்மையிலேயே புள்ளி நான்கு குறைவு. ஐந்து வெப்பமானிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. ஐந்துமே பெயிண்டுக்குப் பின்னால் இருந்தன.

கோப்பறையில் தட்டின் கோப்பைத் தேடி எடுத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய பெயிண்ட் உரிந்ததால் வெளியே கொடுத்து அடித்து வாங்கியது. பெயிண்ட் பட்டறைக்காரர் அப்போது தொலைபேசியில், "பள்ளத்துல வெள்ளை வெள்ளையாத் தெரியுதும்மா, எத்தனை கோட் அடிக்கட்டும்?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. அன்று அவளுக்கு வேறு எதிலோ அவசரம். "கறுப்பாத் தெரியற வரைக்கும் அடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். கோப்பிலிருந்த படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் எண்கள் இருந்தன, மூன்று தசமத்தோடு. பூச்சின் கனம் என்ற கட்டத்தில் மட்டும் எண் இல்லை. 'சரி' என்று எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்து.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவர் கைலியில் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. தட்டு பழசாயிடுச்சு, மாத்தறோம்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. சில்லு சென்சாரும் தப்பிச்சிடும்."

"பூசி மெழுகிடலாம்னு பாக்கறியா?"

"பாத்தேன். மத்தியானம் ஒரு அரைமணி நேரம் அப்படித்தான் பாத்தேன்."

"ஏற்கெனவே ஏழு பூச்சுங்கற. அதுக்கு மேல ஒண்ணா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. மேலே சுற்றிக்கொண்டிருக்கும் பழைய சென்சாரும் இதே தட்டைப் பார்த்துத்தான் போயிற்று என்பதை அவரிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. அதைச் சொன்னபோது அவர் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"முதல்ல என் தங்கச்சிகிட்ட சொல்லு. அப்புறம் மத்தவங்க" என்றார்.

மறுநாள் காலை சில்லுவின் மேசைக்குப் போய், துணுக்கை வைத்த சின்ன டப்பாவையும் கணக்குத் தாளையும் படிவத்தையும் முன்னால் வைத்தாள். சில்லு மூன்றையும் வரிசையாகப் பார்த்தாள். 'சரி' என்ற சொல்லின் மேல் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"பதினோரு வாரம் அண்ணி" என்றாள்.

"தெரியும்."

"நான் லென்ஸ மூணு தடவை கழட்டினேன். எனக்கு வேலையே தெரியலையோன்னு நினைக்க ஆரம்பிச்சுட்டேன். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் என் தட்டு பொய் சொல்லாதுன்னீங்க. ஒரு தடவை அளந்து பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

சில்லு எழுந்து வெளியே போய்விட்டாள். புள்ளி அங்கேயே நின்றாள். பக்கத்து மேசைக்காரர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கால்மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு சில்லு திரும்பி வந்தாள்.

"எப்படி நிரூபிக்கப் போறீங்க?" என்றாள். குரலில் உறவு இல்லை, வேலை மட்டும் இருந்தது.

"தொட்டிச் சுவர நைட்ரஜன் இல்லாம தட்டு அளவுக்கே சூடாக்கிடலாம். சூடு வெளிய போகலைன்னா தோலும் உலோகமும் ஒண்ணாயிடும். வித்தியாசம் காணாமப் போயிடும்."

"அது போதாது. என் லென்ஸ் ஓரமா குளிர்ச் சுவர எட்டிப் பாத்தாலும் இதே மாதிரி கொறச்சுத்தான் காட்டும். சுவர் சூடானா அதுவும் மறைஞ்சிடும். அப்ப தப்பு யாரோடதுன்னு எப்படித் தெரியும்?"

புள்ளி அவளை நிமிர்ந்து பார்த்தாள். தன்னைச் சுலபமாக விடுவிக்கக்கூடிய சோதனையைச் சில்லுவே தள்ளிவிட்டாள்.

"தட்டுல பாதிய சுரண்டிடுங்க" என்றாள் சில்லு. "ஒரு பாதி பழைய ஏழு பூச்சு. இன்னொரு பாதி புதுசா, மெல்லிசா. அதே சுவர், அதே தெர்மாமீட்டர், அதே லென்ஸ். ரெண்டு பாதியையும் மாத்தி மாத்திப் பாப்போம். என்ன வரும்னு முன்னாடியே எழுதி வச்சுக்கலாம். அப்புறம் வந்து இப்படித்தான் நினைச்சேன்னு யாரும் சொல்லக் கூடாது."

இருவரும் தலைவரிடம் போனார்கள். அவர் படிவத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை நாள் ஆகும்?" என்று மட்டும் கேட்டார். "ஒம்பது நாள் சார்" என்றாள் புள்ளி.

பாதித் தட்டைச் சுரண்ட ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. மரச் சுரண்டியை வைத்துப் பள்ளம் பள்ளமாகப் புள்ளியே சுரண்டினாள். உலோகம் கீறக் கூடாது என்பதால் வேறு யாரையும் தொடவிடவில்லை. இந்தமுறை பெயிண்ட் அடிக்கும்போது பட்டறையில் கூடவே நின்றாள். இரண்டு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் கனத்தை அளந்து எண்ணாக எழுதினாள். பட்டறைக்காரருக்கு அவளை ஞாபகம் இருந்தது. "போன தடவை இவ்வளவு கெடுபிடி இல்லையேம்மா" என்றார். "போன தடவைக்கும் சேத்துத்தான் அண்ணே" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை பதினொன்றரைக்குத் தட்டும் சுவரும் நிலைக்கு வந்தன. கட்டுப்பாட்டறையில் தலைவர், புள்ளி, சில்லு மூவரும் நின்றார்கள். சென்சார் முதலில் பழைய பாதியைப் பார்த்தது. புள்ளி நான்கு ஒன்று குறைவு. பிறகு புதிய பாதிக்குத் திரும்பியது. எண் மெதுவாக ஏறி, தட்டின் வெப்பமானிகள் சொன்ன எண்ணுக்குக் கீழே, புள்ளி பூஜ்யம் ஐந்து வித்தியாசத்தில் நின்றது. இருபது தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இருபது தடவையும் அதேதான். சில்லு எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்தாள். இரண்டாம் தசமம் வரை ஒத்துப்போனது.

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தோளில் கை வைக்கலாமா என்று புள்ளி யோசித்தாள். வைக்கவில்லை.

தலைவர்தான் பேசினார். "அப்ப மேல இருக்கறது?"

"அது ரெண்டு வருஷமா புள்ளி நாலு கூடச் சொல்லிட்டிருக்கு சார்" என்றாள் புள்ளி. "தோல் கம்மியா இருந்தப்ப நான் அதுக்கு அதிகமாச் சொல்லிக் குடுத்துட்டேன். நான் சொன்னதையே அது சொல்லிட்டிருக்கு."

"இதுவரைக்கும் யாரும் கேக்கலையா?"

"ஒருத்தர் கேட்டார்."

ஒரு நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் அவர். ஏரி நடுவே மிதவையில் வெப்பமானி கட்டி வைத்திருந்தார். செயற்கைக்கோள் எப்போதும் தன் ஏரியைக் கொஞ்சம் கூடுதல் சூடாகக் காட்டுகிறது என்று ஒன்றரை வருஷத்தில் நாலு கடிதம் எழுதினார். நாலுக்கும் பதில் எழுதியவள் புள்ளி. மரியாதையான பதில்கள். நீரின் மேல்தோலின் சூடு உள்நீரிலிருந்து வேறுபடும். தங்கள் வெப்பமானியைச் சரிபார்க்கவும் என்று எழுதியிருந்தாள். மேல்தோல் உள்நீரைவிடக் குளிர்ந்துதான் இருக்கும், அதனால் செயற்கைக்கோள் குறைவாகத்தான் காட்ட வேண்டும், கூடுதலாகக் காட்டுவதற்கு அந்தப் பதில் பொருந்தவே பொருந்தாது என்று இப்போது படிக்கும்போது அவளுக்குக் காது சுட்டது.

அடுத்த வாரம் அவள் அந்த ஏரிக்குப் போனாள். கையோடு கொண்டுபோகும் அகச்சிவப்புக் கருவியோடு சில்லுவும் வந்தாள். வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "கருவிய உங்ககிட்ட தனியா விட மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுகத் தூங்கினாள். பல வாரத்துத் தூக்கம்.

பொறியாளர் ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். படகுத்துறையில் ஒரு கோப்போடு காத்திருந்தார். புள்ளி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தொலைபேசியில் சொன்ன வார்த்தையையும் விடவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கோப்பைத் திறந்து, அவள் எழுதிய நாலு பதிலையும் காட்டினார்.

"நீங்க சொன்னீங்கன்னு என் தெர்மாமீட்டர ரெண்டு தடவை மாத்தினேன்" என்றார். "மிதவையப் பாத்துக்கற ஆள் ஒழுங்கா எழுதலைன்னு அவர்கிட்ட கோபப்பட்டேன். அவர் வேற இடத்துக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டார்."

புள்ளி நோட்டைத் திறந்தாள். "அவருக்கும் நான் எழுதறேன். விலாசம் குடுங்க."

"குடுக்கறேன்." கோப்பை மூடினார். "படகுல ஏறுங்க. பத்தே முக்காலுக்கு அது தலைக்கு மேல வரும்."

காற்றில்லாத காலை. ஏரி தட்டையாகக் கிடந்தது. நடு ஏரியில் துடுப்பை நிறுத்திவிட்டு, சில்லு கருவியைப் படகின் விளிம்புக்கு வெளியே நீட்டித் தண்ணீரின் தோலைப் பார்த்தாள். பொறியாளர் மிதவை வெப்பமானியைப் படித்தார். புள்ளி நேரத்தைச் சொல்லி எண்களை எழுதினாள். பத்து நாற்பத்தாறுக்கு மூவரும் ஒருசேர நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"பழக்கதோஷம்" என்றார் பொறியாளர். முதல் தடவையாகச் சிரித்தார்.

மதியத்துக்குள் செயற்கைக்கோளின் எண் வந்தது. தண்ணீரின் தோலைவிடப் புள்ளி நான்கு கூடுதல். பொறியாளர் அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருத்தம் வெளியிடும்போது ஒண்ணு எழுதுவீங்களா? முதல்ல சொன்னது இந்த ஏரின்னு. என் பேர் வேண்டாம். ஏரி பேர் போதும். மிதவைக் கணக்க எழுதின ஆள் பேரும்."

"ரெண்டையும் எழுதறேன்" என்றாள் புள்ளி. எழுதினாள்.

திருத்தம் வெளியானது. இரண்டு வருஷத்துப் பதிவுகள் எல்லாம் புதிதாகக் கணக்கிடப்பட்டன. கோபமாகச் சில மின்னஞ்சல்கள் வந்தன. நன்றி சொல்லி அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வந்தன. தலைவர் புள்ளியைத் தட்டின் பொறுப்பிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் அவள் கையெழுத்து மட்டும் இனிப் போதாது, சென்சார் செய்தவரும் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி எழுதினார். முதலில் அது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. இரண்டு வாரம் போனபின் முதுகிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போல் இருந்தது. மாற்றல் வாங்கிப் போனவரிடமிருந்து பதில் வரவில்லை. அது வராமலே இருந்தது.

சில்லுவின் சென்சார் கருங்குழியோடு புறப்பட்டுப் போனது. பெட்டியில் வைத்து திருகாணி முடுக்கும்போது அவள் பக்கத்தில் புள்ளி நின்றாள்.

அதற்குப் பிறகும் மூன்று ஞாயிறு சில்லு வரவில்லை. நாலாவது ஞாயிறு மதியம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள். அண்ணன் முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கோபம் போயிடுச்சா?" என்று புள்ளி கேட்டாள், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே.

"முழுசாப் போகல அண்ணி. எவ்வளவு மிச்சம்னு அளந்து சொல்லத் தெரியல. ஆனா பசிக்குது."

"உக்காரு."

சாப்பிட்டுக்கொண்டே சில்லு அடுத்த தட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பெயிண்டே வேண்டாம், உலோகத்தின் மேலேயே கறுப்பை வளர்த்துவிடலாம் என்றாள். அது உரியும் என்றாள் புள்ளி. உரியாது என்றாள் சில்லு. அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் போனதை இருவரும் கவனிக்கவில்லை.